நெடி எப்போது அடிக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: காருக்குள் பெட்ரோல் நெடி. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கிளட்ச் சத்தம் ஒரு மாதம் காத்திருக்கும். பெட்ரோல் காத்திருக்காது.

கேள்வி: டேங்கை நிரப்பிய அன்றும் மறுநாளும் காருக்குள் பெட்ரோல் நெடி அடிக்கிறது. பின் சீட்டில் உட்காரும் பிள்ளைகள்தான் முதலில் சொல்கிறார்கள். அளவு பாதிக்குக் கீழே இறங்கியதும் தானாகவே நின்றுவிடுகிறது. பட்டறையில் டேங்க் மூடியை மாற்றிவிட்டு, ‘இனி வராது’ என்றார்கள். அடுத்த முறை நிரப்பியதும் மறுபடியும் வந்துவிட்டது. எனக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மனைவிக்கோ தலைவலியே வருகிறது. மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை ஐயா, அவர்கள் மூக்கை நம்புங்கள். தினமும் அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற உங்கள் மூக்கு பழகிப்போய்விட்டது. பெட்ரோல் நெடிக்கு மூக்கு சில நிமிடங்களிலேயே மரத்துப்போகும். அதனால்தான் நெடி பற்றிய புகாரோடு ஒரு வண்டி வந்தால், நான் வெளிக்காற்றில் பத்து நிமிடம் நின்றுவிட்டு அதன் பிறகே கதவைத் திறப்பேன். முதல் மூச்சில் தெரிவதுதான் உண்மை. இரண்டாவது மூச்சிலேயே ஏமாந்துவிடலாம்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நிரம்பினால் வருகிறது, பாதியானால் நிற்கிறது என்றால், கசிவு டேங்கின் மேற்பகுதியில் இருக்கிறது. டேங்கின் அடியில் ஓட்டை இருந்தால் கடைசிச் சொட்டு வரை நெடி இருக்கும், தரையிலும் ஈரம் தெரியும். மேற்பகுதியில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாயும் அதன் ரப்பர் இணைப்பும். இரண்டு, ஆவி வெளியேறும் மெல்லிய குழாய்கள். மூன்றாவது, பம்ப் டேங்கில் இறங்கி உட்காரும் வட்ட வாயின் சீல். பிள்ளைகள் பின் சீட்டில்தான் நெடியை உணர்கிறார்கள் என்பதால் நான் முதலில் மூன்றாவதைத்தான் பார்ப்பேன். பெரும்பாலான கார்களில் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. பல கார்களில் அந்தச் சீட்டைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டு மூடி தெரியும். அதற்கு அடியில்தான் பம்பின் தலை. சில கார்களில் அந்த மூடியே இருக்காது, டேங்கைக் கீழே இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்ததும் எதையும் துடைத்துவிடாதீர்கள். பட்டறைக்காரர்கள் பலர் செய்கிற முதல் தவறு இதுதான். அங்கே வருடக்கணக்காகப் படிந்த புழுதிதான் உங்களுக்குச் சாட்சி. காய்ந்த புழுதி சாம்பல் நிறத்தில் தூளாக இருக்கும். பெட்ரோல் பட்ட இடத்தில் அதே புழுதி கறுத்து, கட்டியாகி, ஓரத்தில் அலை வடிவில் ஒரு கோடு விட்டிருக்கும். போன மாதம் நான் பார்த்த வண்டியில் அந்தக் கோடு சீல் இருந்த விளிம்பில் தொடங்கவே இல்லை. பம்ப் தலையில் பெட்ரோல் குழாய் செருகும் பிளாஸ்டிக் மூக்கின் அடியில், தலைமுடி அளவு விரிசலிலிருந்து தொடங்கியது. துடைத்திருந்தால் சீலை மாற்றி அனுப்பியிருப்பேன், நெடியும் திரும்பி வந்திருக்கும்.

புழுதி எதையும் சொல்லவில்லை என்றால், சுத்தம் செய்து நன்றாகக் காயவிட்டு, விளிம்பைச் சுற்றி டால்கம் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். டேங்கை நிரப்பி, நான்கைந்து வளைவுகளில் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடும், ஆனால் நனைந்த பவுடர் நனைந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழுது பார்க்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த வட்ட ரப்பர் சீலை வெளியே எடுத்துவிட்டால் அதை மறுபடியும் போடக்கூடாது, புதியதுதான். பெட்ரோலில் ஊறிய ரப்பர் வெளியே வந்ததும் உப்பியிருக்கும், பள்ளத்தில் சரியாக உட்காராது. அழுத்தி உட்காரவைத்துப் பூட்டு வளையத்தைத் திருகிவிடுவார்கள். எங்கோ ஓரிடத்தில் மடிந்திருக்கும். மூன்று மாதம் கழித்து நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். வேலையை டேங்க் கால் பங்கு இருக்கும்போது, திறந்த வெளியில், பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பெட்ரோல் நிரப்பும்போது துப்பாக்கி ‘டக்’ என்று நின்ற பிறகும், கணக்குக்காக இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்து வைக்க, கரித்துண்டுகள் நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. கேனிஸ்டர் என்பார்கள். வண்டி நிற்கும்போது அது ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓடும்போது இன்ஜின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். அது ஆவிக்காகச் செய்தது, திரவத்துக்காக அல்ல. மிதமிஞ்சி நிரப்பினால் பெட்ரோலே அதற்குள் போய்விடும். கரி ஊறிப்போன பிறகு அந்த டப்பாவே நெடியின் ஊற்றாகிவிடும்.

கேள்வி: குளிர்ந்த காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஏசி வழியாகப் பெட்ரோல் நெடி குப்பென்று வருகிறது. ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. அதன் பிறகு நாள் முழுவதும் ஒன்றுமில்லை. தானாகப் போய்விடுவதால் பயப்பட வேண்டாம் என்கிறார் என் சகோதரர். பட்டறை வரை ஓட்டிப் போகலாமா?

ஓட்டிப் போகாதீர்கள் அம்மா. வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள், அல்லது மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கடிதங்களிலும் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான்.

காரணம் சொல்கிறேன். காருக்குள் வரும் வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடியில் உள்ள இடைவெளி வழியாக நுழைகிறது. அது பானெட்டின் விளிம்பை ஒட்டிய இடம். ஆகவே ஏசி வழியாக நெடி வந்தால், பெரும்பாலும் இன்ஜின் அறைக்குள் பெட்ரோல் கசிகிறது என்று பொருள். டேங்க் பக்கம் கசிந்தால் அது குளிர்ந்த தகரத்தின் மேல் சொட்டும். இங்கே பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர் குழாயும், மின்பொறி எழும் இடங்களும் இருக்கின்றன.

ஐந்து நிமிடத்தில் நிற்பதற்குக் காரணம், வயதான ரப்பர் குளிரில் இறுகிச் சுருங்குவது. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களின் மேல் முனையில் ஓ-ரிங் என்கிற சிறிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது இறுகிப்போனால் குளிரில் கசியும். இன்ஜின் சூடானதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். பழைய ஹோஸ் கிளாம்புகளும் அப்படித்தான். கசிவு சரியாகிவிடவில்லை, தற்காலிகமாக அடைபட்டிருக்கிறது. ஒரு நாள் அடைபடாது.

என்னிடம் வந்த ஒரு வண்டியில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரவு முழுவதும் வெளியே நிறுத்திவைத்து, விடியற்காலையில் பானெட்டைத் திறந்தோம். ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியை மட்டும் திருப்பினோம், பம்ப் இரண்டு வினாடி ஓடி நின்றது. மூன்றாவது இன்ஜெக்டரின் தோளில் ஒரு பளபளப்பு தோன்றியது. அது மெல்லத் திரண்டு கடுகளவு சொட்டாகி, கொஞ்ச நேரம் தொங்கி, கீழே இன்ஜின் உடம்பில் விழுந்தது. விழுந்த இடத்தில் கறைகூட இல்லை, உடனே ஆவியாகிவிட்டது. இத்தனைக்கும் அந்த வண்டியை இரண்டு இடங்களில் பார்த்து ‘கசிவே இல்லை’ என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு இடங்களிலும் பார்த்தது மத்தியானத்தில், சூடான இன்ஜினில். உங்கள் மெக்கானிக்கிடம் இதைத்தான் வலியுறுத்திச் சொல்லுங்கள்: வண்டி இரவெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும், அவர் காலையில் வந்து பார்க்க வேண்டும்.

சாதாரண இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் வரும் குழாயில் சுமார் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சிறு விரிசல்கூட மூடுபனி போலப் பீச்சியடிக்கும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் நேரடி இன்ஜெக்ஷன் வண்டி என்றால் உயர் அழுத்தப் பக்கம் 100 பாரையே தாண்டும். இன்ஜின் ஓடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஓ-ரிங் ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்றாலும் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வயதுதான். ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்று செய்த எரிபொருள் ஹோஸாக இருக்க வேண்டும், பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அதையும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கையில் இருந்த தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோலில் அது ஊறி, உப்பி, கூழாகிவிடுகிறது.

உங்கள் சகோதரரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்புகிறது. காற்றில் அந்த ஆவி வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே பொறி ஒன்று போதும். காலைக் குளிர் நமக்குத்தான் குளிர்.

கேள்வி: இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0455 என்று வந்தது. வண்டி நிற்கும்போது டேங்க் பக்கம் லேசாக நெடி. மூடியை மாற்றினால் போதுமா?

முதலில் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். வெடிப்போ தட்டையான இடமோ இருந்தால் மூடியை மாற்றுங்கள். அந்தக் குறியீட்டின் பொருள், டேங்கின் ஆவியைப் பிடித்து இன்ஜினுக்கு அனுப்பும் அமைப்பில் பெரிய கசிவு என்பது. மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் வரும். மூடியைத் தொங்கவிடும் பட்டை இடையில் மாட்டிக்கொண்டாலும் வரும். சரியாக மூடிய பிறகு சில நாள் ஓட்டத்தில் விளக்கு தானே அணைந்துவிடும்.

அணையவில்லை என்றால் மூடி மேல் மூடியாக வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். புகைச் சோதனை செய்யும் பட்டறைக்குப் போங்கள். குழாய்களுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்துவார்கள், ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து அது நூல் போல எழும். பி0442 என்பது சிறு கசிவு, பி0456 என்பது மிகச் சிறு கசிவு, அதாவது அரை மில்லிமீட்டர் துளை அளவு. அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா என்றும் கவனியுங்கள். பிடித்தால், கேனிஸ்டரின் ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி, மின்சாரம் கொடுக்காமல் வாயால் ஊதினால் காற்று போகக்கூடாது. போனால் வால்வு கெட்டுவிட்டது.

கேள்வி: அப்பா வைத்திருந்த கார்பரேட்டர் வண்டி என்னிடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுப்பேன். சமீபத்தில் நிறுத்தி வைத்தாலே பெட்ரோல் நெடி. ஆயில் அளவுக்கம்பியில் கோட்டுக்கு மேலே ஆயில் ஏறியிருக்கிறது. நான் ஊற்றவே இல்லையே?

ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்தக் கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால், ஏறியிருப்பது ஆயில் அல்ல, ஆயிலோடு கலந்த பெட்ரோல்.

இன்ஜினின் சுழற்சியால் இயங்கும் பழைய பெட்ரோல் பம்பில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் இறங்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்பரேட்டரில், மிதவை ஏறியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி தேய்ந்தாலும் பெட்ரோல் பொங்கி, சிலிண்டர் வழியாகக் கீழே போகலாம். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராகிவிடும், பேரிங்குகளைக் காப்பாற்றாது. ஆயில் பாத்திரத்துக்குள் ஆவியும் சேர்ந்திருக்கும். பம்பின் சவ்வு, ஊசி, அதன் இருக்கை, மிதவை எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகு ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றி, அப்புறம்தான் சாவி. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் ஆடினால் அது ஓட்டை மிதவை. அப்பாவின் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் ஹோஸ்களும் அவர் காலத்தவையாகத்தான் இருக்கும், அவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டிக்கியில் வைத்திருந்த பெட்ரோல் கேன் கவிழ்ந்து கார்ப்பெட் நனைந்துவிட்டது. சென்ட் அடித்தும் நெடி போகவில்லை. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாமா?

கூடவே கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரின் மோட்டாரில் பொறி பறக்கும், அந்தக் காற்றைத்தான் அது தன் வழியாக இழுக்கிறது. பெட்ரோல் ஆவியை அதற்குள் இழுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். மூடிய கூடத்தில் வைக்காதீர்கள். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். பழைய துணியால் ஒற்றி எடுங்கள், அந்தத் துணிகளைக் குப்பைத் தொட்டியில் திணிக்காமல் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். நெடி உண்மையில் தங்கியிருப்பது கார்ப்பெட்டில் அல்ல, அதன் அடியில் உள்ள பஞ்சில். கார்ப்பெட்டைக் கழற்றி, பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள், அங்கே குட்டையாகத் தேங்கியிருக்கும். மிச்ச நெடிக்குச் சமையல் சோடாவைத் தூவி ஓரிரு நாள் விட்டு, கையால் பெருக்கி எடுக்கலாம். சென்ட் வேண்டாம். நெடி இன்னும் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே கருவி உங்கள் மூக்கு, அதை நீங்களே கட்டிப்போடுகிறீர்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நெடி முற்றிலும் போகும் வரை குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

கேள்வி: மெதுவாகப் போகும்போது பின்பக்கமிருந்து நெடி. பெட்ரோலா புகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணை எரித்து, தொண்டையில் கரித்தால் அது புகை. அப்படியானால் டிக்கிக் கதவின் ரப்பரையும், பின் விளக்குகளின் அடி ரப்பரையும், சைலன்சர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும், அதற்கு நெடியே கிடையாது. அதனால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காமலிருப்பதே நல்லது. புகையிலேயே பச்சைப் பெட்ரோல் நெடி கலந்திருந்தால், இன்ஜின் பெட்ரோலை முழுதாக எரிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றச் சொல்லுங்கள், கரி பூசியது போல் கறுத்திருக்கும்.

கேள்வி: நான் ஒரு பட்டறையில் தொழில் பழகுகிறேன், வயது 19. பெட்ரோல் குழாய் வேலைக்கும் பெரியவர் பழைய கம்பிக் கூண்டு போட்ட பல்பு விளக்கைத்தான் பயன்படுத்துகிறார். சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

தம்பி, நான் தொழில் பழகும்போது எனக்கும் உன் வயதுதான். குழிக்குள் நின்று பெட்ரோல் வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தோம். அதே கூண்டு விளக்கு, வண்டியின் அடியில் கொக்கியில் தொங்கியது. குழாயைப் பிரித்ததும் வழிந்த பெட்ரோல் என் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது, அந்தச் சில்லிப்பு இன்றும் நினைவிருக்கிறது. அதில் ஒரு துளி சூடான பல்பின் மேல் தெறித்தது. கண்ணாடி வெடித்த சத்தம் சின்னதுதான், வளையல் உடைவது போல. அதற்கடுத்து குழியின் தரை முழுவதும் நீலமாகப் பற்றிக்கொண்டது. ஆவி கீழே தேங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் குரு என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். அவருடைய வலது முன்கை வெந்துபோயிற்று. ஆறு வாரம் அவரால் ஸ்பானர் பிடிக்க முடியவில்லை.

பெட்ரோல் வேலையைக் குழிக்குள் செய்யாதே. பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினைத் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அழுத்தம் இறங்கிய பிறகு இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு திற. ஏற்கெனவே கசிகிற வண்டி என்றால் ஸ்டார்ட்டே செய்யாதே, இரவு முழுவதும் ஆறவிட்டு, அழுத்தம் மிச்சமிருக்கும் என்றே நினைத்துத் திற. உலர் பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாளியால் பயனில்லை, எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். விளக்கு, மூடிய உறையுள்ள பாட்டரி எல்இடி.

பெரியவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து, அந்தக் கூண்டு விளக்கு மாட்டியிருக்கும் ஆணியில் செருகி வை. அவரிடம் என் வணக்கத்தையும் சொல்.